பத்தாண்டு முதல் ஒரு புட்டியில் – மெக்சிகோ நாட்டு டெக்கீலா தயாராகும் விதம்

இன்று ஒரு கன்றை நட வேண்டும். ஏழு ஆண்டு காத்திருந்து வெட்ட வேண்டும். வெட்டியதைச் சரக்காக்கி, அந்தச் சரக்கையும் உடனே விற்காமல் மேலும் ஒன்றரை இரண்டு ஆண்டு கிடங்கில் பூட்டி வைக்க வேண்டும். பூட்டிய கிடங்கில் ஒவ்வொரு நாளும் சரக்கு காற்றில் குறைந்துகொண்டே இருக்கும். இப்படி ஒரு தொழிலுக்கு முதல் போடுங்கள் என்று யாராவது வந்தால் நம்மில் எத்தனை பேர் கல்லாவைத் திறப்போம்?

மெக்சிகோ நாட்டில், ஹலிஸ்கோ என்னும் மாநிலத்தில், சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்து வருகின்றன. அவர்கள் செய்யும் சரக்கின் பெயர் டெக்கீலா. அது ஒரு மது.

வணிகர் இதழில் மதுவைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். யாரும் குடிக்க வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசம் இருப்பதால், இது நம் கடைகளில் ஏறப் போகும் சரக்கும் அல்ல. ஆனால் பழைய அரிசி, பழம்புளி என்று இருப்பு வைத்து விற்றுப் பழகியவர்கள் நாம். காத்திருப்புக்கு எப்படி விலை போடுகிறார்கள், அந்த விலையைக் கலப்படக்காரனிடமிருந்து எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்ப்பதில் நமக்கு நட்டமில்லை. சரக்கு எதுவானாலும் கணக்கு ஒன்றுதானே.

செடியும் ஊரும்

டெக்கீலா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். ஹலிஸ்கோவின் தலைநகரான குவாதலஹாராவுக்கு வடமேற்கே, அதே பெயர் கொண்ட பழைய எரிமலை ஒன்றின் அடிவாரத்தில் அந்த ஊர் இருக்கிறது. சுற்றிலும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், வாள் வாளாக இலை நீட்டிக் கொண்டு வரிசை வரிசையாகச் செடிகள். அகாவே என்ற இனத்தில் நீல வகை. இந்த நிலப்பரப்பையும் பழைய ஆலைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 2006-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்தில் ரயில் பாதை ஓரங்களிலும் தோட்டத்து வேலிகளிலும் நிற்கும் ஆனைக் கற்றாழை இந்தச் செடிக்குப் பங்காளி முறை. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்ததுதான். சோற்றுக் கற்றாழை மட்டும் வேறு குடும்பம். தோற்றத்தை வைத்து இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

அகாவே தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்ததும் செத்துப் போகும். அந்த ஒரு பூவுக்காக ஆண்டுக்கணக்கில் அடித்தண்டில் சத்தைச் சேர்த்து வைக்கிறது. பூந்தண்டு தலை தூக்கியதும் விவசாயி அதை வெட்டி விடுகிறார். பூவுக்குப் போக வேண்டிய சத்து அடியிலேயே தங்கி விடுகிறது. இலைகளைச் சீவி எடுத்தால் நடுவில் கிடைக்கும் பருத்த உருண்டைதான் கச்சாப் பொருள். பார்க்க அன்னாசிப் பழம் போல் இருப்பதால் ஸ்பானிய மொழியில் அதற்கு அன்னாசி என்றே பெயர்: பீன்யா. நன்கு முற்றிய பீன்யா ஒன்று முப்பது நாற்பது கிலோவுக்குக் குறையாது. அதைவிடப் பெரிதாகவும் வரும்.

கரும்பை ஆண்டுக்கு ஒரு முறை வெட்டலாம். நெல்லை இரண்டு மூன்று போகம் எடுக்கலாம். இதை வெட்ட ஆறு முதல் எட்டு ஆண்டு ஆகும். வெட்டிய இடத்தில் மறுபடி தழைக்காது; புதுக் கன்றுதான் நட வேண்டும். அந்தக் கன்றும் விதையிலிருந்து வருவதில்லை. தாய்ச் செடியின் வேரடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறார்கள், வாழைக்குச் செய்வது போல. அதனால் ஒரு வட்டாரத்தின் தோட்டமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல்கள். ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். விலை பற்றிப் பேசும்போது மறுபடி வருவோம்.

பெயரை விற்ற குடும்பம்

டெக்கீலாவில் பழம் பெரும் குடும்பங்கள் சில உண்டு. குவெர்வோ குடும்பத்துக்கு 1758-ல் ஸ்பெயின் அரசிடமிருந்து நிலம் கிடைத்தது. 1795-ல் வடிப்பதற்கு உரிமம் கிடைத்தது. அது இன்று உலகிலேயே பெரிய டெக்கீலா நிறுவனம். 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்து விட்டது. ஆனால் நாம் இங்கே பார்க்கப் போவது சௌசா குடும்பத்தை. நம்மவர்களுக்கு அதன் கதையில்தான் சாரம் அதிகம்.

செனோபியோ சௌசா என்பவர் 1873-ல் டெக்கீலா ஊரில் ஓர் ஆலையை வாங்கித் தொழில் தொடங்கினார். அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு இந்தச் சரக்கை முதலில் அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். அவருக்குப் பின் மகன் எலாதியோ, அவருக்குப் பின் பேரன் ஃபிரான்சிஸ்கோ ஹவியேர். மூன்று தலைமுறையில் சௌசா என்ற பெயர் நாடு முழுவதும் பரவியது. 1970-களில் பேரன் அந்த வியாபாரத்தை வெளியாருக்கு விற்றார். ஆலை போனது, நிலம் போனது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரும் போனது. இன்று சௌசா என்ற பெயருள்ள புட்டிக்கும் சௌசா குடும்பத்துக்கும் தொடர்பில்லை. அது கை மாறிக் கை மாறிப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றிடம் இருக்கிறது.

விற்காமல் தப்பியது ஒன்றுதான். ஊருக்குள் குடும்பத்தின் பழைய சிறிய ஆலை. புதிய இயந்திரங்கள் வந்த காலத்தில் கட்டுப்படியாகாமல் நிறுத்தப்பட்டு, பார்வையாளர்களுக்குக் காட்டும் காட்சிப் பொருளாகப் பல ஆண்டு கிடந்தது. ஹவியேரின் பேரன் கியேர்மோ எரிக்சன் சௌசா, ஐந்தாம் தலைமுறை. விற்ற தொழிலைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று அவர் அந்தக் காட்சிச் சாலையைத்தான் திறந்தார். பழைய அடுப்பையும் பழைய கல்லையும் பழைய செம்புப் பாத்திரங்களையும் செப்பனிட்டு, 2005-ல் சரக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்.

சொந்தக் குடும்பப் பெயரைப் போட முடியாது; அது விற்றாகி விட்டது. எனவே தாத்தாக்கள் என்று பொருள்படும் ‘லோஸ் அபுவேலோஸ்’ என்ற பெயரை வைத்தார். அமெரிக்காவுக்கு அனுப்பப் போனால், அபுவேலோ என்ற பெயரில் பனாமா நாட்டு ரம் ஒன்று முன்பே பதிவாகி இருந்தது. ஆக அங்கே ‘ஃபோர்த்தலேசா’ என்று ஆலையின் பெயரிலேயே விற்க வேண்டி வந்தது. கோட்டை, வலிமை என்று அதற்குப் பொருள். கடையை விற்கும்போது பெயர்ப் பலகையையும் சேர்த்து எழுதிக் கொடுத்து விட்டுப் பிறகு பக்கத்துத் தெருவில் புதுப் பெயரோடு உட்காரும் வியாபாரியை நாமும் பார்த்திருக்கிறோம். அளவுதான் வேறு.

வெட்டுவது முதல் வடிப்பது வரை

இனி தயாரிப்பு முறை. இந்தச் சிறிய ஆலையில் நடப்பதையே பார்ப்போம். பெரிய ஆலைகள் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் அவ்வப்போது சொல்லி விடுகிறோம்.

செடியை வெட்டுபவருக்கு ஹிமதோர் என்று பெயர். நீண்ட பிடியின் நுனியில் வட்டத் தகடு வைத்த கருவி ஒன்றைக் கையில் பிடித்திருப்பார். அதற்குக் கோவா என்று பெயர். தகட்டின் விளிம்பு சவரக் கத்தி போல் இருக்கும். காலால் செடியை அமுக்கிக் கொண்டு, சுற்றிச் சுற்றி இலைகளைச் சீவி, சில நிமிடங்களில் உருண்டையைத் தனியாக்கி விடுகிறார். பச்சை இலை அதிகம் ஒட்டியிருந்தால் கசப்பு ஏறும். அதிகம் சீவினால் எடை போகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம். பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகன் கற்றுக் கொள்வது. இந்த வேலைக்கு இன்று வரை இயந்திரம் வந்து நிலைக்கவில்லை.

ஆலைக்கு வந்த உருண்டைகளைப் பிளந்து, அறை போலக் கட்டிய செங்கல் அடுப்பில் அடுக்கி, நீராவி விட்டு வேக வைக்கிறார்கள். ஒரு நாள், ஒன்றரை நாள், சில ஆலைகளில் இரண்டு நாளுக்கு மேலும் வேகும். பச்சை அகாவேயில் இனிப்பு இல்லை. அதில் இருப்பது இனுலின் என்னும் சத்து. நீண்ட நேரச் சூட்டில் அது உடைந்து பழச் சர்க்கரையாக மாறுகிறது. வெந்து வெளியே வரும்போது துண்டுகள் பழுப்பு நிறமாக, சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வெல்லப் பாகையும் சேர்த்துச் சாப்பிட்டது போன்ற இனிப்போடு இருக்கும். பெரிய ஆலைகள் இதையே அழுத்தக் கொப்பரையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கின்றன.

அடுத்தது அரைப்பது. சுண்ணாம்புக் காரை அரைக்க, வட்டக் குழியில் மாடு பூட்டி இழுத்த கல் சக்கரத்தை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ அதே அமைப்பு. தஹோனா என்று பெயர். எரிமலைக் கல்லில் செதுக்கிய சக்கரம், இரண்டு டன் எடை அளவில் இருக்கும். முன்பு கோவேறு கழுதையும் மாடும் இழுத்தன. இப்போது எஞ்சின் இழுக்கிறது. வெந்த துண்டுகள் குழியில் கிடக்க, கல் அவற்றின் மேல் ஏறி ஏறி நசுக்கும். தண்ணீர் விட்டுச் சாற்றைப் பிரித்துச் சக்கையை ஒதுக்குவார்கள். மெதுவான வேலை, ஆள் செலவு அதிகம், சக்கையில் கொஞ்சம் இனிப்பு தங்கியும் விடும். உருளை ஆலையில் அரைத்தால் அதைவிடக் கூடுதலாகச் சாறு கிடைக்கும்.

எல்லாவற்றையும் விட அதிகம் பிழிவது டிஃப்யூசர் என்னும் நீண்ட இயந்திரம். பச்சை அகாவேயைத் துருவிப் போட்டு, வெந்நீர் பாய்ச்சி, சத்தில் ஒரு துளி விடாமல் கழுவி எடுத்து விடுகிறது. வேக வைப்பது அதன் பிறகுதான்; அதுவும் கிழங்கை அல்ல, கழுவிய நீரை. அமிலம் சேர்த்துச் சில மணி நேரத்தில் அதைச் சர்க்கரையாக்கி விடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் இயந்திரம்தான் வெற்றி. ஒரே எடை கிழங்கில் அதிகச் சரக்கு, குறைந்த ஆள், குறைந்த நேரம். குறை ஒன்றுதான்: மெதுவாக வெந்த கிழங்கின் மணம் அதில் வருவதில்லை என்று பழைய கைகள் சொல்கிறார்கள். வாங்குபவர்களிலும் ஒரு கூட்டம் அதை ஒப்புக் கொண்டு கூடுதல் விலை தருகிறது. இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் கல் சக்கரம் என்றோ மறுபடி காட்சிச் சாலைக்குப் போயிருக்கும்.

சாற்றை மரத் தொட்டிகளில் விட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ஊறல் நுரைத்து, சில நாளில் அடங்கும். வெயில் காலத்தில் சீக்கிரம், குளிர் காலத்தில் தாமதம். பிறகு செம்புப் பாத்திரத்தில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள். முதல் வடிப்பு கலங்கலாக, வீரியம் குறைந்து இருக்கும். இரண்டாம் வடிப்பில்தான் தரம் தெரியும். ஆரம்பத்தில் இறங்குவதைத் தலை என்றும் கடைசியில் இறங்குவதை வால் என்றும் ஒதுக்கி விட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறார்கள். ஒதுக்குவதில் எவ்வளவு தாராளமாக இருக்கிறோமோ அவ்வளவுக்கு நட்டம். எவ்வளவு கஞ்சத்தனமோ அவ்வளவுக்குச் சரக்கு கெடும். ஒரு லிட்டர் சுத்தமான டெக்கீலாவுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ கிழங்கு செலவாகிறது என்று கொள்ளலாம்.

இப்போது கிடைத்திருப்பது தண்ணீர் போல் நிறமற்றது. இதையே புட்டியில் அடைத்து விற்றால் பிளாங்கோ, அதாவது வெள்ளை. முதல் திரும்பி வந்து விடும். குடும்பத்தார் ஒரு பகுதியை அப்படித்தான் விற்று அன்றாடச் செலவை ஓட்டுகிறார்கள். மீதிதான் பீப்பாய்க்குப் போகிறது.

பீப்பாய்க் கணக்கு

சட்டம் வகுத்திருக்கும் வகைகள் இவை. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஓக் மரத்தில் இருந்தால் ரெபொசாதோ, அதாவது இளைப்பாறியது. 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் ஓராண்டுக்குக் குறையாமல் இருந்தால் அன்யேஹோ, அதாவது முதிர்ந்தது. மூன்றாண்டுக்குக் குறையாமல் இருந்தால் மிக முதிர்ந்தது; இந்த வகை 2006-ல்தான் சட்டத்தில் சேர்ந்தது. நாம் பேசும் குடும்பத்தின் அன்யேஹோ ஒன்றரை ஆண்டு அளவில் பீப்பாயில் இருக்கிறது.

பீப்பாய் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு நல்ல வியாபாரச் சங்கதி உண்டு. அமெரிக்காவில் பர்பன் விஸ்கி செய்பவர்கள், உள்ளே தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒரு முறை பயன்படுத்தியது அவர்களுக்குப் பர்பனுக்கு ஆகாது. அப்படிக் கழியும் 200 லிட்டர் அளவு பீப்பாய்கள்தான் மெக்சிகோவுக்கும் ஸ்காட்லாந்துக்கும் போகின்றன. எண்ணெய்க்காரரின் காலி டின்னும் சர்க்கரை மண்டியின் காலிச் சாக்கும் நம்மிடம் இரண்டாம் பிழைப்பு பிழைப்பது போல. புதுப் பீப்பாயின் முரட்டு மர வாசம் முதல் சரக்கோடு போய் விடுவதால், டெக்கீலாவுக்கு அது வசதியும் கூட. மரத்தின் துவர்ப்பும், வனிலா போன்ற மணமும், பொன் நிறமும் மெல்ல இறங்குகின்றன. அதிக நாள் விட்டால் மரம் செடியை விழுங்கி விடும். கிழங்கின் மணம் மறைந்து பலகை மணம் மிஞ்சும். எப்போது எடுப்பது என்று குடும்பத்தில் மூத்தவர் சுவைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். பழையது எல்லாம் நல்லது என்ற விதி இங்கே செல்லாது.

பீப்பாயில் சரக்கு குறைவதுதான் சேதாரம். மரத்தின் நுண்துளை வழியே ஆவியாகிப் போகிறது. குளிர் நாடான ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 100-க்கு 2 என்பது பொதுக் கணக்கு. ஹலிஸ்கோவின் வெயிலில் அதைவிடப் பல மடங்கு கூடும். உதாரணத்துக்கு 100-க்கு 6 என்று வைத்துக் கொள்வோம். 200 லிட்டர் ஊற்றினால் முதலாண்டு முடிவில் 188. இரண்டாமாண்டு முடிவில் சுமார் 177. மூன்றாமாண்டு முடிவில் 166. மூன்றாண்டில் 34 லிட்டர் காற்றோடு போச்சு. இந்த நட்டத்துக்கு யாரிடமும் கிளெய்ம் போட முடியாது.

அடுத்தது வட்டி. ஏழாண்டு தோட்டத்திலும் இரண்டாண்டு பீப்பாயிலும் ஆக ஒன்பது ஆண்டு முடங்கும் முதல் 100 ரூபாய் என்று வையுங்கள். 100-க்கு ஆண்டுக்கு 12 வட்டி, கூட்டு வட்டியில் போட்டால் ஒன்பதாம் ஆண்டு முடிவில் 277 ரூபாய். எல்லாச் செலவும் முதல் நாளே ஆவதில்லை என்று கழித்தாலும், சரக்கு இரட்டிப்பு விலைக்குப் போனால்கூட வட்டிக்கே சரியாகப் போய் விடும் என்பது தெரிகிறது. கடையில் வெள்ளைப் புட்டியைவிட முதிர்ந்த புட்டி விலை கூடி இருப்பதைப் பார்த்து, வெறும் பழமைக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பெரிய நிறுவனம் வங்கியில் கடன் வாங்கித் தாங்கும். சிறிய குடும்பம் வெள்ளையை விற்றுத்தான் பழையதைத் தாங்க வேண்டும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

விலை கூடிய சரக்கில் கலப்படம் வராமல் இருக்குமா? இங்கே கலப்படத்துக்குச் சட்டமே ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது. வெறுமனே ‘டெக்கீலா’ என்று மட்டும் எழுதிய புட்டியில், புளிக்க வைத்த சர்க்கரையில் 100-க்கு 51 பங்கு அகாவேயிலிருந்து வந்தால் போதும். மீதி 49 கரும்புச் சர்க்கரையாகவோ வேறு சர்க்கரையாகவோ இருக்கலாம். ‘100 சதவீதம் அகாவே’ என்று எழுதியிருந்தால்தான் முழுக் கிழங்கு. முழுச் சரக்கை உரிமை பெற்ற வட்டாரத்துக்குள்ளேயே புட்டியில் அடைக்க வேண்டும். கலப்புச் சரக்கை டேங்கரில் வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே அடைக்கலாம். 2003-ல் மெக்சிகோ இதையும் நிறுத்தப் பார்த்தது. அமெரிக்கப் புட்டிக்காரர்கள் எதிர்த்தார்கள். 2006-ல் இரு நாட்டு உடன்பாட்டில் டேங்கர் ஏற்றுமதி நிலைத்து விட்டது.

நிறத்தை நம்பக் கூடாது. பீப்பாய்க்கே போகாத கலப்புச் சரக்கில் கருக்கிய சர்க்கரை நிறம் சேர்த்துப் பொன் நிறமாக்கி விற்பது சாதாரணம். முதிர்ந்த வகைகளிலும் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை எடையில் 100-க்கு 1 வரை, லேபிளில் சொல்லாமலே சேர்க்கலாம் என்று விதி இடம் தருகிறது. ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். நிறத்தையும் வழவழப்பையும் மாற்ற அதுவே தாராளம். நம் சௌசா குடும்பத்தைப் போன்ற சிலர் எதையும் சேர்ப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்து விற்கிறார்கள். புட்டிக்குள் புழு இருந்தால்தான் அசல் என்று நம் நாட்டிலும் ஒரு பேச்சு உண்டு. புழு போடுவது மெஸ்கால் என்ற வேறு மதுவின் சில வகைகளில்; டெக்கீலாவில் புழு கிடையாது.

லேபிளில் கடைசியாக ஓர் எண் இருக்கும். நோம் என்ற எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம். அது ஆலையின் பதிவு எண். அதைப் பார்த்தால் எந்தப் பெயரில் விற்றாலும் எந்த ஆலையில் வடித்தது என்று தெரிந்து விடும். வெவ்வேறு பெயரும் விலையும் கொண்ட பத்துப் பதினைந்து புட்டிகள் ஒரே எண்ணில் இருப்பதும் உண்டு. ஆலையே இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக் கொண்டு பிறரிடம் செய்து வாங்கி விற்பவர்கள் ஏராளம். ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனியும் நண்பர்களும் 2013-ல் தொடங்கிய காசமிகோஸ் அப்படித்தான் வளர்ந்தது. 2017-ல் டியாஜியோ நிறுவனம் அதை 70 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விற்பனையைப் பொறுத்து மேலும் 30 கோடி வரை தருவதாகவும் ஒப்புக் கொண்டது. நூறாண்டுக்கு மேற்பட்ட பெயரை விற்ற சௌசா குடும்பத்தையும், நாலாண்டுப் பெயரை விற்றவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது.

இந்த எண்ணையும் விதிகளையும் கண்காணிப்பது டெக்கீலா ஒழுங்குமுறைக் கழகம். 1994-ல் இயங்கத் தொடங்கியது. விவசாயி, ஆலைக்காரர், புட்டி அடைப்பவர், அரசுப் பிரதிநிதி எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும் அமைப்பு. முதிர வைக்கும் பீப்பாய்க்கு முத்திரை வைப்பதுவரை அதன் ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்பே 1974-ல் டெக்கீலா என்ற பெயருக்கு ஊர்ப்பெயர் உரிமை அறிவிக்கப்பட்டது. ஹலிஸ்கோ முழுவதும், வேறு நான்கு மாநிலங்களில் குறிப்பிட்ட வட்டங்களும் தவிர, உலகில் எங்கு செய்தாலும் அதை டெக்கீலா என்று அழைக்கக் கூடாது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும், கோவில்பட்டி கடலை மிட்டாயும், ஈரோடு மஞ்சளும், மணப்பாறை முறுக்கும் பதிவாகியிருக்கும் அதே ஏட்டில் ஸ்காட்ச் விஸ்கி, டெக்கீலா போன்ற அயல்நாட்டுப் பெயர்களும் பதிவாகியுள்ளன. பெயர் பதிவானது நம்மவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரில் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆலை எண் போட்டு, யார் செய்தது என்று வாங்குபவர் தேடிப் பார்க்கும்படி வைப்பது அடுத்த படி. மெக்சிகோவில் அந்தப் படியை ஏறி விட்டார்கள்.

மலைமேட்டு வட்டாரத்தில், அராந்தாஸ் ஊரில், கமரேனா குடும்பம் 1937 முதல் லா அல்தேன்யா என்ற ஆலையை நடத்துகிறது. நிறுவிய ஃபெலிப்பே கமரேனாவின் பேரன் கார்லோஸ் கமரேனா அங்கே கைதேர்ந்த வடிப்பாளர். கல் சக்கரத்தை விடாத குடும்பம் அதுவும். எர்ராதூரா என்ற பெயரில் பல தலைமுறை நடந்த இன்னொரு குடும்பத் தொழில் 2007-ல் அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அடுத்த பகுதியைப் படித்தால் காரணம் புரியும்.

கிழங்கின் விலை

ஏழாண்டுப் பயிருக்குச் சந்தை விலை எப்படி இருக்கும் என்று வெங்காய வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயத்தில் நாலு மாதத்தில் நடக்கும் கூத்து இங்கே பத்தாண்டில் நடக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கிழங்கு மலிந்து கிடந்தது. விவசாயிகள் நடுவதைக் குறைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் கேட்பு ஏறியது. அதே சமயம் நோய் தாக்கியது. நாம் முன்பே சொன்ன ஒரே செடியின் நகல்கள் அல்லவா, தோட்டம் தோட்டமாக அழுகின. 1997 டிசம்பரில் குவாதலஹாரா பகுதியில் பனியே கொட்டியது. 1999-ல் கிலோ ஓரிரு பெசோவுக்கு விற்ற கிழங்கு 2000-ல் 10 பெசோவைத் தாண்டியது. இரவில் தோட்டத்தில் திருட்டு, காவலுக்கு ஆள் என்ற நிலை வந்தது. சிறிய ஆலைகள் பல மூடின.

விலையைப் பார்த்து எல்லாரும் நட்டார்கள். நட்டவை எல்லாம் ஒன்றாக முற்றின. 2000-களின் கடைசியில் விலை ஒரு பெசோவுக்கு இறங்கி, வெட்டுக் கூலிக்கே கட்டாமல் சிலர் தோட்டத்தை உழுது மக்காச்சோளம் போட்டார்கள். மறுபடி பற்றாக்குறை. 2018-ல் 20 பெசோவைத் தாண்டி, 2022-ல் 30 அளவுக்குப் போனது. 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் உற்பத்தி 50 கோடி லிட்டருக்கு மேல். மறுபடி எல்லாரும் நட்டார்கள். இம்முறை விவசாயி அல்லாதவர்களும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நட்டார்கள். 2024-ல் ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு விலை 10 பெசோவுக்கு வெகு கீழே விழுந்து விட்டது.

சொந்தத் தோட்டமும் சொந்தப் பீப்பாயும் வைத்திருக்கும் குடும்பம் இந்த ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. விலை உச்சத்தில் வெளிக் கிழங்கு வாங்க வேண்டியதில்லை. விலை விழும்போது வாங்கி வடித்துப் பீப்பாயில் போட்டு வைக்கலாம், கையில் முதல் இருந்தால். ஆலைக்கு ஒப்பந்தம் இல்லாத சிறு விவசாயிக்கு அந்த வழி இல்லை. முற்றிய கிழங்கைத் தோட்டத்தில் விட்டு வைத்தால் ஓராண்டு, ஈராண்டு தாங்கும். பிறகு அழுகத் தொடங்கும். 30 பெசோ விலையைப் பார்த்து 2021-லும் 2022-லும் நட்ட கன்றுகள் வெட்டுக்கு வருவது 2028 வாக்கில்.